மீன் குட்டைக் கழிவு: யூரியா செலவைக் குறைக்கும், உப்பு கலந்திருந்தால் நிலத்தைக் கெடுக்கும்

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் விவசாயிகள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். மீனைப் பிடித்து விற்றதும் குட்டை வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பச்சை நிறமாகிவிட்ட தண்ணீரை ஓடையில் திறந்து விடுகிறோம். அடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றை வாரிக் கரையோரம் கொட்டுகிறோம். மீன் குடலையும் தலையையும் ஏதாவது ஒரு மூலையில் வீசுகிறோம். அதே வாரம், பக்கத்து வயலுக்கு யூரியா வாங்க உரக்கடைக்குப் போய் நிற்கிறோம்.

தூக்கி எறிந்த அந்த மூன்றிலும் உங்கள் பணம் இருக்கிறது. மீனுக்கு வாங்கிப் போட்ட தீவனத்தின் சத்தில் பெரும்பகுதி அவற்றில்தான் தங்கியிருக்கிறது. அதை எப்படிப் பயிருக்கு எடுத்துக் கொடுப்பது, எந்தக் குட்டையின் கழிவை வயல் பக்கமே கொண்டு போகக் கூடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

தீவனத்துச் சத்து எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 சதவீதம் புரதம் உள்ள மீன் தீவனம் 1 டன் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் புரதம் 280 கிலோ. அந்தப் புரதத்தில் இருக்கும் தழைச்சத்து சுமார் 45 கிலோ. 1.8 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ மீன் என்று வளர்ந்தால் 550 கிலோ மீன் கிடைக்கும். அந்த மீன்களின் உடம்பில் சேர்ந்த தழைச்சத்து 14 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். மீதி 30 கிலோ, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, தண்ணீரிலும் சேற்றிலும் கலந்துவிடுகிறது.

30 கிலோ தழைச்சத்து என்பது 65 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மூட்டை. இதில் ஒரு பங்கு காற்றில் ஆவியாகிப் போகும் என்பதால் முழுவதையும் பயிருக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் ஓடையில் விடும் அளவுக்கு அது சிறிய தொகை அல்ல. தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மீனின் எச்சமும் தின்னாத தீவனமும் அடியில் படிந்து அழுகி இன்னும் கொஞ்சம் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அதிகமானால் மீன் சாகும். நைட்ரேட்டோ பயிர் விரும்பி எடுத்துக்கொள்ளும் உணவு. மணிச்சத்து பெரும்பாலும் சேற்றில் போய்ப் படிகிறது. சாம்பல் சத்து இரண்டிலுமே குறைவுதான்.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: தண்ணீரில் தழைச்சத்து, சேற்றில் மணிச்சத்தும் மக்கும் பொருளும், சாம்பல் சத்தை நாம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை: உப்பைப் பார்ப்பது

எந்தக் கழிவையும் வயலுக்குக் கொண்டுபோகும் முன் அதில் உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். சத்து கொஞ்சம் கூடிப்போனால் ஒரு போகத்தில் சரிசெய்துவிடலாம். உப்பு ஏறிவிட்டால் நிலமே போய்விடும்.

மழைநீரும் நல்ல கிணற்று நீரும் நிற்கும் மண் குட்டை என்றால் பெரும்பாலும் பயமில்லை. மூன்று இடங்களில் எச்சரிக்கை வேண்டும்.

1. இறால் குட்டை. கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இறால் வளர்க்கும் நீரில் லிட்டருக்கு 10 கிராம் என்று வைத்தால்கூட, அதை ஒரு ஏக்கருக்கு ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சினால் 2 டன் உப்பைக் கொட்டியதற்குச் சமம். அந்த நீரும் வேண்டாம், அந்தச் சேறும் வேண்டாம்.

2. பயோபிளாக் தொட்டி. இந்த முறையில் வளர்ப்பவர்கள் தொட்டியில் கல் உப்பு சேர்ப்பது வழக்கம். 1,000 லிட்டருக்கு 1 கிலோ என்பது பார்வைக்குக் குறைவாகத் தெரியும். ஒரு ஏக்கருக்கு ஒருமுறை பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் தேவை. அந்தக் கணக்கில் 200 கிலோ உப்பு வயலில் இறங்குகிறது. நான்கு தண்ணீர் விட்டால் 800 கிலோ. உப்பு சேர்த்த தொட்டி நீரைத் தென்னை போன்ற ஓரளவு உப்பு தாங்கும் மரங்களுக்கு, நல்ல நீரோடு கலந்து மட்டுமே விட வேண்டும். காய்கறிக்கும் பயறு வகைகளுக்கும் வேண்டாம்.

3. கிணறே உப்பாக இருக்கும் இடம். கோடையில் குட்டை நீர் ஆவியாக ஆக, உப்பு மட்டும் அதிலேயே தங்கிச் செறிவு கூடிக்கொண்டே போகும். தை மாதம் நன்றாக இருந்த நீர் சித்திரையில் கெட்டுப்போயிருக்கலாம்.

சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் குட்டை நீரை எடுத்து, மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள். ‘மின் கடத்தும் திறன்’ என்ற ஒரு எண்ணைத் தருவார்கள். மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் பாய்ச்சலாம். 0.7 முதல் 3 வரை இருந்தால் பயிரையும் வடிகாலையும் பார்த்து, நல்ல நீரோடு மாற்றி மாற்றி விடலாம். 3-க்கு மேல் போனால் வயலுக்கு வேண்டாம்.

கடலோர மாவட்டங்களில் இறால் குட்டை உப்பால் நெல் வயல்கள் கெட்ட வரலாறு நமக்குப் புதிதல்ல. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விளைநிலங்களை இறால் குட்டைகளாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்ததும், 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்ததும் அந்தப் பிரச்சினையின் தொடர்ச்சிதான். உப்பு ஏறிய நிலத்தை மீட்க நல்ல தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடியவிட வேண்டும். வடிகால் இல்லாத களிமண் நிலத்தில் அதற்கு வருடக்கணக்காகும்.

குட்டைத் தண்ணீரைப் பாய்ச்சும் முறை

மீன் விட்ட முதல் இரண்டு மாதம் தண்ணீரில் பெரிதாகச் சத்து சேர்ந்திருக்காது. தீவன அளவு கூடிய பிறகுதான் பலன் கிடைக்கும். தண்ணீர் எவ்வளவு கொழுப்பாக இருக்கிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. கையை நேராக நீருக்குள் விடுங்கள். முழங்கை வரை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் நீர் சரியான அளவில் இருக்கிறது. அதற்கு முன்பே, மணிக்கட்டுக்குச் சற்று மேல் நனையும்போதே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம். அந்த நீரை வயலுக்கு எடுத்துவிட்டுப் புது நீர் விடுவது மீனுக்கும் நல்லது.

எவ்வளவு எடுக்கலாம்? 25 சென்ட் குட்டையில் ஒன்றரை மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கிறது என்றால் 15 லட்சம் லிட்டர் இருக்கும். அதில் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவு இறக்கினால் 2 லட்சம் லிட்டர் கிடைக்கும். அது ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் நிற்கும் அளவுக்கு ஒரு பாசனம். ஒரே நேரத்தில் இதற்கு மேல் இறக்க வேண்டாம். மீன்களுக்கு இடம் குறுகிப்போகும். வெயிலில் நீர் சீக்கிரம் சூடாகும்.

மோட்டார் போடும்போது கவனிக்க வேண்டியவை:

- சத்து அதிகம் இருப்பது அடி நீரில். ஃபுட் வால்வைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிறுத்துங்கள். சேற்றை உறிஞ்சாது, அடி நீரையும் எடுக்கும்.
- ஃபுட் வால்வைச் சுற்றிக் கொசுவலையோ நைலான் வலையோ கட்டுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகள் வாய்க்காலில் கிடக்கும்.
- திரும்ப நிரப்பும் போர்வெல் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. குழாயை நீருக்குள் விடாமல், மேலிருந்து கல்லிலோ பலகையிலோ விழுந்து சிதறும்படி விடுங்கள்.
- சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விடுவதானால் மணல் வடிகட்டியும் தட்டு வடிகட்டியும் கட்டாயம். பாசி உள்ளே போனால் துளைகள் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து கழுவி விடுங்கள். வடிகட்டி இல்லாதவர்கள் வாய்க்கால் பாசனமே செய்வது நல்லது.
- கீரை, வெள்ளரி, கொத்தமல்லி போன்று பச்சையாகத் தின்னும் பயிர்களின் மேல் இந்த நீரைத் தெளிக்க வேண்டாம். சாணமும் கோழி எச்சமும் போட்ட குட்டையில் நோய்க்கிருமி இருக்கலாம். வேரடியில் மட்டும் பாய்ச்சுங்கள்.
- குட்டையில் பிளீச்சிங் பவுடரோ மீன் மருந்தோ போட்டிருந்தால், குறைந்தது பத்து நாள் கழித்துத்தான் வயலுக்கு எடுக்க வேண்டும்.

அடிச் சேற்றை உரமாக்குவது

ஏரி, குளத்து வண்டலைக் கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடித்த பழக்கம் நமக்கு உண்டு. மீன் குட்டைச் சேறும் வண்டல்தான். அதைவிடச் சத்து கூடியது.

மீன் பிடித்து முடித்ததும் குட்டையை வடித்து வெயிலில் காயவிடுங்கள். வெடிப்பு விடும் வரை காய வேண்டும். ஈரச் சேற்றில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றுப் புகாமல் அழுகும்போது உண்டாகும் நச்சு வாயுதான் அந்த வாடைக்குக் காரணம். அப்படியே ஈரமாக அள்ளிப் பயிருக்குப் போட்டால் வேர் கருகும். காய்ந்து வெடித்தால் வாயு வெளியேறிவிடும். அடுத்த முறை விடும் மீனுக்கும் குட்டை சுத்தமாகும்.

அள்ளும்போது மேலே உள்ள கறுப்பு அடுக்கை மட்டும் எடுங்கள். அதன் கீழே இருக்கும் பழைய களிமண்ணைத் தோண்டினால் குட்டை நீர் பிடிக்காமல் கசிய ஆரம்பித்துவிடும். 25 சென்ட் குட்டையில் 5 சென்டிமீட்டர் கனம் எடுத்தாலே 50 கன மீட்டர் வரும். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினால் 16, 17 நடை.

செம்மண், மணற்பாங்கான நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வண்டல் இரட்டை லாபம். சத்தோடு ஈரம் பிடிக்கும் தன்மையும் கூடும். முதல் தடவை ஏக்கருக்கு 4 முதல் 5 டிரெய்லர் போட்டுப் பரப்பி, கோடை உழவில் மண்ணோடு கலந்து விடுங்கள். ஏற்கெனவே கனமான களிமண் நிலம் என்றால் வண்டலை நேரடியாகப் போட வேண்டாம்; மண் இன்னும் இறுகும். அவர்கள் அதை மக்க வைத்துப் போடலாம்.

மக்க வைக்கும் முறை எளிது. நிழலில் ஒரு அடி உயரத்துக்கு வைக்கோல், சோளத்தட்டை, காய்ந்த இலை பரப்புங்கள். அதன் மேல் அரை அடி காய்ந்த சேறு. அதன் மேல் கரைத்த சாணம் தெளியுங்கள். இப்படியே நான்கு அடி உயரம் வரை அடுக்குங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் ஈரம் போதும். 15 நாளுக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். இரண்டு மாதத்தில் மண்வாசனை வீசும் உரம் கிடைக்கும். மண்புழு உரம் செய்பவர்கள், பாதி மக்கிய பிறகு புழுவை விடலாம்.

வயலில் போடும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு தொட்டியில் உங்கள் வயல் மண்; இன்னொன்றில் வயல் மண்ணும் குட்டை வண்டலும் சரிபாதி. இரண்டிலும் பத்துப் பத்துப் பாசிப்பயறு விதையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்து இலை பச்சையாக வந்தால் தைரியமாகப் போடலாம். வண்டல் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ இலை நுனி கருகினாலோ அதில் உப்போ அழுகலோ இருக்கிறது. காரணம் தெரியும் வரை வயலில் இறக்க வேண்டாம்.

குடல், தலை, செவுள்: வீசாதீர்கள்

கரையிலேயே மீனை வெட்டிச் சுத்தம் செய்து விற்பவர்களிடம் குடல், தலை, செவுள் சேரும். இவற்றை வைத்து மீன் அமிலம் தயாரிக்கலாம்.

கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அதே எடைக்கு நாட்டு வெல்லத்தைப் பொடித்துக் கலந்து பிளாஸ்டிக் டிரம்மில் போடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மூடியை இறுக்கித் திருகாமல் வையுங்கள். உள்ளே வாயு சேர்ந்தால் டிரம் வெடிக்கும். நிழலில், நாயும் எலியும் அண்டாத இடத்தில் ஒரு மாதம் வைத்தால் தேன் நிறத்தில் திரவம் பிரியும். பழ வாடை வந்தால் தயார். அழுகல் வாடை வந்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

வடிகட்டிய திரவத்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து மாலை நேரத்தில் தெளியுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பு என்றால் ஒரு லிட்டர் மீன் அமிலம் போதும். அளவைக் கூட்டினால் இலை கருகும். முதலில் நாலைந்து செடிகளுக்குத் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். கீரையில் அறுவடைக்கு முந்தைய ஒரு வாரம் தெளிக்க வேண்டாம்.

வெல்லத்துக்கும் விலை உண்டு. அதனால் சில கிலோ கழிவுக்குத்தான் இந்த முறை கட்டும். கூடை கூடையாகக் கழிவு சேர்ந்தால், தென்னை நார்க் கழிவோ மரத்தூளோ ஒரு அடி பரப்பி, அதன் மேல் மெல்லிய அடுக்காக மீன் கழிவைப் போட்டு, மறுபடி ஒரு அடி மூடி மக்க வையுங்கள். மேல் மூடல் கனமாக இருந்தால் ஈயும் வாடையும் வராது.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான ‘சிபா’, மீன் கழிவிலிருந்து குட்டைக்கு ‘பிளாங்டன் பிளஸ்’, பயிருக்கு ‘ஹார்ட்டி பிளஸ்’ என்று இரண்டு பொருட்களை உருவாக்கியிருக்கிறது. மீன் கழிவில் பயிருக்கு வேண்டிய சத்து இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

ஒரு எச்சரிக்கை: நோய் வந்து செத்த மீனை மீன் அமிலத்துக்கோ உரக்குழிக்கோ போடாதீர்கள். குட்டையை விட்டுத் தள்ளி, கிணற்றிலிருந்து தூரமாக, ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.

எந்தப் பயிருக்கு ஏற்றது?

தழைச்சத்தை அதிகம் தின்னும் பயிர்களுக்கே குட்டை நீர் நன்றாக ஒத்துப்போகும். வாழை, தீவனப்புல், கரும்பு, பப்பாளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்குப் பாய்ச்சலாம். கரையில் நாலு வரிசை கம்பு நேப்பியர் புல் நட்டால், கசியும் நீரிலேயே வளரும். அந்தப் புல்லை நறுக்கிப் புல்கெண்டை மீனுக்குப் போடலாம். தீவனச் செலவிலும் ஒரு பங்கு குறையும்.

நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவை வேர் முடிச்சில் தாமே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். அவற்றுக்குக் குட்டை நீரைத் தொடர்ந்து விட்டால் கொடி தழைத்துக் காய் குறையும். நெல்லுக்குத் தூர் கட்டும் பருவம் வரை விடலாம். கதிர் வந்த பிறகும் விட்டால் பயிர் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும்.

உரத்தைக் குறைத்தால்தான் லாபம்

குட்டை நீரையும் பாய்ச்சி, வழக்கமான யூரியாவையும் போட்டால் இரட்டைச் செலவு. பூச்சி நோயும் கூடுதல். குட்டை நீர் போகும் வயலில் யூரியாவைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பயிரே சொல்லும்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். நட்ட 14 நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் யூரியா போடுங்கள். இறங்காத வாரம் யூரியா தேவையில்லை. மற்ற பயிர்களுக்கு முதல் போகத்தில் மேலுரமாகப் போடும் யூரியாவில் கால் பங்கைக் குறைத்துப் பாருங்கள். இலை வெளுக்காமல் இருந்தால் அடுத்த போகத்தில் இன்னும் குறைக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பாத்திக்கு மட்டும் கிணற்று நீரும் பழைய உர அளவும் கொடுங்கள்.

பொட்டாஷை மட்டும் குறைக்காதீர்கள். வாழைக்கு இது மிக முக்கியம். தழைச்சத்து மட்டும் கிடைத்த வாழை இலை விட்டு உயரும், தார் சிறுக்கும். மண் பரிசோதனை சொல்லும் அளவு பொட்டாஷைக் கொடுத்து, வீட்டில் சேரும் விறகுச் சாம்பலையும் தூரில் போடுங்கள்.

பக்கத்து நிலமும் நினைவில் இருக்கட்டும்

குட்டை நீரை ஓடையில் திறந்து விட்டால் அது கீழ் மடை விவசாயியின் வாய்க்காலுக்கும் ஊர்க் குளத்துக்கும் போய்ச் சேரும். அங்கே பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். உப்பு நீராக இருந்தால் அவர் பயிர் கருகும். ஊரில் பகை வரும். நம் வயலில் பாய்ச்சினால் உரமாகும் அதே நீர், மடை தாண்டினால் கேடாகிறது.

புதிதாகக் குட்டை வெட்டப் போகிறவர்கள், நிலத்தின் மேட்டுப் பக்கத்தில் வெட்டுங்கள். மோட்டார் இல்லாமலே நீர் தானாக வயலுக்கு இறங்கும். ஏற்கெனவே குட்டை உள்ளவர்கள் இந்த வாரமே அரை லிட்டர் நீரை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்த எண் நல்லபடியாக வந்தால் வாழைக்கோ தீவனப்புல்லுக்கோ முதல் தண்ணீரைத் திறந்து விடுங்கள். சேற்றுக்குக் கோடை வரை காத்திருக்கலாம். கூடுதல் விவரங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் மீன்வளத் துறை அலுவலகத்தையும் அணுகலாம்.